ஆண் எறும்பு, பெண் எறும்பு மூளை: நான் ஒரு வருடம் தொலைத்த கதை

லேபுக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் போன வாரம் தங்கள் திட்டத்தைக் காட்டினார்கள். எறும்பு மூளையில் நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமின், செரோடோனின், ஆக்டோபமின் என்ற வேதிப்பொருள்கள் ஆண், பெண்ணுக்கு எப்படி மாறுகின்றன என்று பார்க்கப் போகிறார்களாம். இரண்டாம் பக்கத்திலேயே என் பழைய தவறு உட்கார்ந்திருந்தது. ஈசலைச் சிறகெறும்பு என்று பிடித்து வருவது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை ஒரே நாளில் தெளிந்துவிடும்.

வேலைக்கார எறும்பையே "பெண்" என்று வைத்துக்கொள்வது

கூட்டைக் கிளறினால் கையில் ஏறுவதெல்லாம் வேலைக்கார எறும்பு. அத்தனையும் பெண்தான். ஆண்களோ சிறகு முளைத்துச் சில நாள் தலைகாட்டிவிட்டுப் பறந்துபோகும். கிடைத்த ஆணையும் கிடைத்த வேலைக்காரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடத்தான் யாருக்கும் தோன்றும்.

நானும் கட்டெறும்பில் அதைத்தான் செய்தேன். வித்தியாசம் பளிச்சென்று வந்தது. கூட்டத்தில் படத்தைப் போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு சீனியர் அக்கா கேட்டார்: "ராணி எங்கே தம்பி?" அவ்வளவுதான். நான் பார்த்தது ஆண், பெண் வித்தியாசமா, இனப்பெருக்கம் செய்யும் எறும்புக்கும் செய்யாத எறும்புக்கும் உள்ள வித்தியாசமா, பறப்பதற்கும் நடப்பதற்கும் உள்ளதா? பிரிக்க வழியே இல்லை. அதற்குள் ஆண்கள் பறந்து முடிந்துவிட்டன. அடுத்த பருவம் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அதே கூட்டிலிருந்து, அதே வாரத்தில், இணைசேராத சிறகுள்ள ராணிகளையும் எடுங்கள். ஆணையும் அந்த ராணியையும் ஒப்பிட்டால் பால் வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வரலாம். ராணியையும் வேலைக்காரியையும் ஒப்பிட்டால் தெரிவது சாதி வித்தியாசம், அதாவது கூட்டில் ராணியா வேலைக்காரியா என்ற வித்தியாசம்.

பெண் என்றால் மூளையில் இந்த வேதிப்பொருள்கள் எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்பதும் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஹார்பெக்னாதோஸ் சால்ட்டேட்டர் என்ற குதிக்கும் எறும்பைப் பாருங்கள். ராணி போய்விட்டால் வேலைக்கார எறும்புகள் சண்டை போட்டு, வென்றவை முட்டையிடத் தொடங்கும். அவற்றின் மூளையில் டோபமின் கூடும், மூளையின் பருமன் சுமார் 20 சதவீதம் சுருங்கும். முட்டையிடுவதை நிறுத்தி வேலைக்குத் திரும்பினால் மூளை மறுபடி பெரிதாகும். இதில் எந்த நாளின் எறும்பை "பெண்" என்று எழுதுவீர்கள்?

ஃப்ளோரிடாவின் கேம்பனோட்டஸ் எறும்பிலும் இதே பாடம்தான். வாசனையை வாங்கும் மூளைப் பகுதியில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் குளோமெருலஸ் எனும் நரம்பு முடிச்சு உருண்டைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்று. ஆணுக்குச் சுமார் 45 சதவீதம் குறைவு. பெண்களில் ஒரு கொத்து உருண்டைகளுக்குச் செரோடோனின் நரம்பு போவதே இல்லை. ஆணிடம் அந்தக் கொத்தே கிடையாது. ராணியைப் பார்த்ததால்தான் இதைப் பால் வித்தியாசம் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. பார்க்காதவர், சாயம் பிடிக்கவில்லை என்று ஸ்லைடைத் தூக்கிப் போட்டிருப்பார்.

ஒரு மூளைக்கு இத்தனை பிக்கோமோல் என்று நிறுத்திக்கொள்வது

பிக்கோமோல் என்பது வேதிப்பொருளை அளக்கும் மிகச் சிறிய அலகு. ஆணுக்குப் பார்வைப் பகுதி பெரிது, கற்றலுக்கும் நினைவுக்கும் உதவும் காளான் வடிவப் பகுதி சிறிது. மொத்த மூளையை அரைத்தால் இந்த விவரமெல்லாம் கூழாகிவிடும். முடிந்தால் பகுதி பகுதியாக வெட்டுங்கள். முடியாவிட்டால் புரத அளவோடு சேர்த்தாவது சொல்லுங்கள்.

செரோடோனினுக்குப் போட்ட கரைசலையே டோபமினுக்கும் போடுவது

சாயம் ஏற்றும் முன் மூளையைக் கெடாமல் நிலைநிறுத்தும் கரைசலைச் சொல்கிறேன். செரோடோனினுக்குப் பாராஃபார்மால்டிஹைடு போதும். டோபமினைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி புரதங்கள் பலவும் குளுட்டரால்டிஹைடால் பிணைந்த டோபமினைத்தான் அடையாளம் காணும். அது இல்லாமல் ஸ்லைடு கறுப்பாக இருந்தால் "ஆணுக்கு டோபமின் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். எழுதியவரை எனக்குத் தெரியும்.

தலை ஓட்டின் துணுக்கோடு அரைப்பது

ஓடு கெட்டிப்படுவதற்கும் டோபமின்தான் மூலப்பொருள். துணுக்கு ஒட்டியிருந்தால் அளவு ஏறும்.

வயதைக் குறிக்காமல் விடுவது

குறியுங்கள்.

சரி, அந்த இரண்டு பேர் விஷயத்துக்கு வருகிறேன். மைதானத்து மூலையில் உள்ள ஒரு கூட்டில் இன்னும் சிறகுள்ள ராணிகள் பறக்காமல் இருக்கின்றன. நாளைக் காலை மண்வெட்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன். மழை முந்திக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.