அனுப்பிய நகைதானா திரும்பி வந்தது? ஒன்லைனில் நகை விற்கத் தொடங்குபவர்களுக்கு

நல்லூர்த் தேர் முடிந்து நாலாம் நாள் ஒரு சோடி வெள்ளிச் சிமிக்கி எனக்குத் திரும்பி வந்தது. "அளவு பெரிசாப் போச்சு, காசைத் திருப்பிப் போடுங்கோ" என்று உள்ளே ஒரு துண்டு. பெட்டி என்னுடையது, துணிப்பை என்னுடையது, சிமிக்கியும் பார்வைக்கு என்னுடையதுதான். கையில் எடுத்தபோது மட்டும் ஏதோ குறைந்தது போல இருந்தது. அனுப்பும்போது 18.42 கிராம். இப்போது தராசு 15.07 காட்டியது.

அந்த நாட்களில் நிறையைக் கொப்பியில் எழுதுவேன், அவ்வளவுதான். படமும் இல்லை, வீடியோவும் இல்லை. "நீங்கள்தான் பிழையா எழுதியிருப்பீங்கள்" என்று வாங்கியவர் சொன்னபோது எனக்குப் பதில் இருக்கவில்லை. முழுக் காசையும் திருப்பிக் கொடுத்தேன்.

கொக்குவிலில் வீட்டில் இருந்தபடி வட்ஸ்அப், முகநூல் வழியாக வெள்ளி நகையும், சொல்லிச் செய்விக்கும் சின்னச் சின்னத் தங்க நகையும் விற்கிறேன். இதே வேலையைத் தொடங்கும் தங்கச்சிமார் பலர் என்னிடம் கேட்பது, நகையை வைத்துக்கொண்டு அதே மாதிரிப் போலியைத் திருப்பி அனுப்பும் இந்த ஏமாற்று பற்றித்தான். நகை திரும்பி வந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். முக்கியமான வேலை எல்லாம் பார்சல் வீட்டை விட்டுப் போக முன்னமே முடிந்திருக்க வேண்டும்.

1. ஒவ்வொரு நகைக்கும் ஓர் அடையாளம்

0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். நிறை தெரிந்த ஒரு படிக்கல்லும் சேர்த்து வாங்கி, கிழமைக்கு ஒருக்கா அதை வைத்துத் தராசு சரியா என்று பாருங்கள். நகையைத் தராசில் வைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். தோடு என்றால் சுரையோடு ஒரு நிறை, சுரை இல்லாமல் ஒரு நிறை. கல் வைத்தது என்றால் கற்களை எண்ணி எழுதுங்கள்.

நிறையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 925 வெள்ளியின் (ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி) அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 10.4 கிராம். பித்தளை 8.5 அளவில்தான். ஒரே அச்சில் வார்த்து, வெள்ளி முலாம் பூசினாலும் பித்தளை நகை ஐந்திலொரு பங்கு அளவு நிறை குறைந்தே இருக்கும். என் சிமிக்கியில் குறைந்ததும் கிட்டத்தட்ட அதேயளவுதான். தங்கத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 22 கரட் தங்கம் 17.5க்கு மேலே நிற்கும்.

அடுத்தது, பத்தரிடம் கொடுத்து ஒரு குறி போடுவியுங்கள். நான் சங்கிலிக் கொளுக்கியின் உட்பக்கத்திலும் காப்பின் உள்வளைவிலும் ஊசிமுனை அளவு இரண்டு புள்ளிகள் குத்துவிக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்பதை வாங்குபவருக்குச் சொல்வதில்லை. கவரிங் நகையில் குத்தினால் முலாம் பெயர்ந்துவிடும். அதற்கு நிறையும் கிட்டவாக எடுத்த படமும் போதும்.

2. பொதி கட்டும்போது

வெட்டினால் மட்டுமே கழலும் பிளாஸ்டிக் நூலில் ஒரு சின்ன அட்டை கட்டுங்கள். அட்டை கழுத்துக்குப் பின்னால் ஒளியக்கூடாது, போட்டால் முன்னுக்குத் தெரிய வேண்டும். கலியாண வீட்டுக்குப் போட்டுவிட்டு மறுநாள் "பிடிக்கேல்லை" என்று திருப்பி அனுப்புவதை இந்த அட்டை பெரும்பாலும் நிறுத்திவிடும். நூல் வெட்டியிருந்தால் பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாது என்று அட்டையிலேயே எழுதுங்கள்.

பிறகு இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோ: தராசில் நகை, குறி, பையில் போடுவது, பெட்டி, ஒட்டு, விலாசம், கடைசியில் மூடிய பொதியின் நிறை. இரண்டு நிமிடம்கூட எடுக்காது. கோப்புக்கு ஓடர் இலக்கத்தையே பெயராக வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு தேடிக் களைத்துப் போவீர்கள்.

3. விதிகள், காசு வாங்க முன்

எத்தனை நாளுக்குள் திருப்பலாம், கூரியர் செலவு யாருக்கு, பொதியைத் திறக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும், சோதித்த பிறகே காசு திரும்பும். இவ்வளவையும் எளிய தமிழில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு ஓடரை எடுங்கள். பிழை நம்முடையது என்றால் இந்த விதிகளுக்குப் பின்னால் ஒளியக்கூடாது. 925 என்று சொல்லிக் கலப்படம் விற்றால் வாங்கியவர் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977க்கு அழைத்து முறையிடலாம். அது அவருடைய உரிமை.

யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு விதி தேவை. இங்கே காசு கட்டுபவர் ஸ்காபுரோவில் இருப்பார், நகை போவது மானிப்பாயில் உள்ள மருமகளுக்கு, திருப்பிக் கொண்டுவந்து தருவது மருமகளின் தம்பி. மூன்று கை மாறுகிறது. ஆகவே, காசு எந்தக் கணக்கில் இருந்து வந்ததோ அதே கணக்குக்கே திரும்பும் என்று எழுதிவிடுங்கள். "மாமி கனடாவில, அதை எனக்குக் கையில தாங்கோ" என்று கேட்டால், எவ்வளவு தெரிந்தவர் என்றாலும் கொடுக்க வேண்டாம். நாளைக்கு மாமி வங்கியில் முறைப்பாடு வைத்தால் அதே காசை இரண்டாம் தரமும் கட்ட வேண்டி வரும்.

4. திரும்பி வந்த பொதியைத் திறப்பது

உடனே கிழிக்காதீர்கள். ஆறு பக்கமும் படம், மூடியபடியே நிறை, பிறகு வீடியோவைப் போட்டுவிட்டுத் திறவுங்கள். காசு கட்டாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பொதிக்கும் இதே முறைதான்.

முதலில் நிறை, பிறகு 10 மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடியால் குறி. வேலைப்பாட்டின் பள்ளங்களில் சந்தனமோ பவுடரோ, தோட்டுத் தண்டில் எண்ணெயோ இருந்தால் போட்டிருக்கிறார்கள். காந்தத்தை நம்பிவிட வேண்டாம். தங்கம், வெள்ளி போலவே செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. நல்ல வெள்ளிச் சங்கிலியின் கொளுக்கிக்குள் இருக்கும் உருக்குச் சுருள் மட்டும் கொஞ்சம் இழுபடலாம்.

கல் இல்லாத, உள்ளே பொந்து இல்லாத நகைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய தண்ணீர்ச் சோதனை ஒன்று உண்டு. சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் பாதித் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, முழுதாக அமிழும்படி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் நகையின் நிறையை வகுத்துப் பாருங்கள். என்னிடமுள்ள ஒரு காப்பு 31.08 கிராம். தண்ணீரில் 3.00 காட்டியது. வகுத்தால் 10.36, அது வெள்ளிக்குச் சரி. அதே நிறையில் பித்தளை என்றால் 3.6க்கு மேலே காட்டியிருக்கும்.

தங்கம் என்றால் இதோடு நிறுத்தாமல் கஸ்தூரியார் வீதியில் உங்களுக்குப் பழக்கமான கடையொன்றில் உரைத்துப் பார்த்து, முடிவை எழுதி வாங்குங்கள். நீங்கள் சொல்வதைவிட மூன்றாம் ஆள் ஒருவர் எழுதித் தந்த துண்டுக்குப் பெறுமதி கூட.

5. சந்தேகம் வந்தால் எப்படிக் கதைப்பது

தொலைபேசியில் கோபத்தோடு எடுக்காதீர்கள். எழுதுங்கள். அந்தச் சிமிக்கியையே உதாரணமாக வைத்தால், இப்போது நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் அக்கா. நீங்கள் அனுப்பிய பார்சல் இன்று கிடைத்தது. நாங்கள் அனுப்பிய சிமிக்கி 18.42 கிராம், வந்தது 15.07 கிராம். இரண்டு படமும் வீடியோவும் இதோடு அனுப்புகிறேன். வீட்டில் வேறு சோடியோடு மாறுப்பட்டிருக்கலாம், ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. வந்த சோடியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்."

மாறுப்பட்டிருக்கலாம் என்ற சொல்லை நான் உபசாரத்துக்குப் போடவில்லை. இரண்டு சகோதரிகள் உள்ள வீட்டில் உண்மையாகவே மாறும். வேண்டுமென்று செய்தவருக்கும் மானத்தோடு திரும்பி வர அது ஒரு வழி. போன தையில் இப்படி எழுதிய மூன்றாம் நாள், சரியான காப்பு ஒரு மன்னிப்பும் இல்லாமல் வந்து சேர்ந்தது. எனக்கு அது போதும்.

நான் பிழையாகச் சந்தேகித்ததும் உண்டு. ஒரு சங்கிலி கறுத்துப் போய் வந்தது. இது என் வெள்ளி இல்லை என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு புள்ளிகளும் அதே இடத்தில். நிறையும் சரி. இறப்பர் வளையத்தில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அந்த வளையத்தைப் போட்டுச் சுற்றி அனுப்பியதே நான்தான். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு, மினுக்கித் திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து என் பொதியில் இறப்பர் வளையம் இல்லை.

6. இணங்காவிட்டால்

மாறி வந்த நகையை ஒட்டிய பைக்குள், தேதி எழுதி, தொடாமல் வையுங்கள். வெளிநாட்டு அட்டையில் கட்டியவர் வங்கி மூலம் காசை மீளக் கேட்டால், பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது குறிப்பிட்ட நாட்கள்தான். அதற்குள் விதிகளுக்கு வந்த "சரி", கூரியர் பற்றுச்சீட்டு, இரண்டு நிறைப் படங்கள், சோதனைத் துண்டு எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புங்கள். தொகை பெரிது என்றால் இதே கட்டோடு பொலிசுக்குப் போங்கள்.

வாங்கியவரின் படத்தையும் விலாசத்தையும் முகநூலில் போட மட்டும் வேண்டாம். அந்த மூன்று கைகளில் எது மாற்றியது என்று உங்களுக்குத் தெரியாது. பொதி போய்வந்த வழியிலும் மாறியிருக்கலாம். ஊர் சின்னது, ஒரு பிள்ளையின் பெயர் கெட்டால் திரும்பக் கட்ட முடியாது. ஒருவரின் தனிப்பட்ட விபரங்களைப் போட்டுத் துன்புறுத்துவது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் குற்றமும்கூட.

7. நகை சரியாக வந்திருந்தால்

பெரும்பாலும் நடப்பது இதுதான். அன்றைக்கே காசைத் திருப்பிப் போட்டு, வங்கிச் சீட்டின் படத்தை அனுப்புங்கள். நகையைக் கழுவி, துடைத்து, மீண்டும் நிறுத்து, கொப்பியில் புதிய வரியில் எழுதுங்கள். யாரோ போட்ட தோட்டைப் புதுசு என்று அடுத்தவருக்கு விற்காதீர்கள். பத்தரிடம் கொடுத்து உருக்கி வேறு செய்விக்கலாம், அல்லது போட்டது என்று சொல்லி விலை குறைத்து விற்கலாம்.