நம்பர் பிளேட் அடிக்கக் கொடுக்கும் முன்: எழுத்தை விட இடைவெளியைப் பாருங்கள்

நம் மலேசியாவில் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, நம்பரைத்தான் கொடுக்கும், பிளேட்டை நாம்தான் அடித்துக்கொள்ள வேண்டும். சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் அதற்குப் பெரிய கடை எல்லாம் தேட வேண்டாம். கார் சாமான் கடையிலோ மோட்டார் ஒர்க்‌ஷாப்பிலோ நம்பரைச் சொன்னால் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தை ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சுலபத்தில்தான் வில்லங்கமே இருக்கிறது. "என்ன டிசைன் வேணும் அண்ணே?" என்று கேட்டு நாலு சாம்பிளை எடுத்துப் போடுவார்கள். அதில் பாதி சம்மன் வாங்கித் தரும் டிசைன்.

கடைக்குப் போகும்போது ஒரு அடிக்கோலைக் கையோடு கொண்டுபோங்கள். காருக்கு எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40, கோட்டின் தடிமன் 10. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 10. எழுத்துக் கூட்டம் முடிந்து எண் தொடங்கும் இடத்தில் 30. மோட்டார் சைக்கிளுக்கு இதைவிடச் சின்ன எழுத்து, அதனால் கார் எழுத்தை அதில் ஒட்டச் சொல்லாதீர்கள். ஒரே வரியாகவும் அடிக்கலாம், எழுத்து மேலே எண் கீழே என்று இரண்டு வரியாகவும் அடிக்கலாம், இரண்டும் சரிதான். சாய்வெழுத்து, கண்ணாடி மாதிரி மினுக்கும் எழுத்து, எழுத்துக்குப் பின்னால் புலிப்படம், இதெல்லாம் கூடாது. புத்ராஜெயா மாதிரி விசேஷ வரிசைகளில் சாய்வெழுத்தைப் பார்த்திருப்பீர்கள், அது அந்த வரிசைக்கு மட்டும் கொடுத்த அனுமதி.

இதில் எல்லாரும் கோட்டை விடுவது அந்த 30 மில்லிமீட்டரில்தான். எம்-ஏ-என் (MAN) வரிசையில் 1 கிடைத்த மலாக்கா காரை நினைத்துப் பாருங்கள். இடைவெளியைச் சுருக்கி, ஒன்றை வெறும் கோடாக நிமிர்த்திவிட்டால் "மணி" என்று பெயராகிவிடும். அதே மாதிரி வி-ஏ-என் (VAN) என்றால் "வாணி". ஆசை புரிகிறது, பையன் பெயரோ வீட்டுக்காரம்மா பெயரோ காரில் ஓடினால் யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் ரோட்டில் ஓரங்கட்டி நிறுத்துகிற அதிகாரி முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான், வழக்கமாக 300 வெள்ளி (ரிங்கிட்) போய்விடும். காரை விற்கும்போது புஸ்பகோம் வாகனப் பரிசோதனை மையத்திலும் இதே பிளேட்டைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து சொந்த வாகனத்துக்கு ரோட் டேக்ஸ் வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை, எல்லாம் நம்பரை வைத்து கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். அதனால் பிளேட்டைத் தெளிவாகப் படிக்க முடிவது முன்னைவிட இப்போது முக்கியம்.

சரி, எழுத்துக்கு வருவோம். வாகனத்துக்கு நம்பர் மாட்டும் பழக்கத்தை 1893ல் பாரிஸ் போலீஸ் தொடங்கி வைத்தது. பிரிட்டன் 1903ல் சட்டம் போட்டு 1904 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கியது, ஊருக்கு ஒரு எழுத்து, அதன்பின் எண். மலாயாவில் நாம் கண்டதும் அந்த வெள்ளைக்காரன் முறையின் வாரிசுதான். பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்கு பி, பகாங்குக்கு சி, கிளந்தானுக்கு டி என்று அகரவரிசையில் போய், மற்ற பல மாநிலங்களுக்கு அதனதன் முதல் எழுத்தே வந்தது. பினாங்கும் பெர்லிசும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் பினாங்கு அதை எடுத்துக்கொள்ள, பெர்லிசுக்கு ஆர். கோலாலம்பூர் 1974ல் கூட்டரசுப் பிரதேசமானதும் டபிள்யூ வந்தது, அது தீர்ந்தபின் வி. ஐ, ஓ இரண்டையும் ஒன்று, பூஜ்யம் என்று படித்துவிடுவோம் என்பதால் விட்டுவிட்டார்கள். இசட் ராணுவத்துக்கு. டாக்சிக்கு எச் (H) என்று தொடங்கும் எழுத்து, அதுவும் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, எனவே சொந்தக் காருக்கு அந்த நிறத்தை அடிக்கச் சொல்லாதீர்கள்.

செகண்ட்ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் எழுத்தைப் பார்த்து வயசு கணக்குப் போடுவார்கள். மூன்று எழுத்தில் பின்னால் போகப் போக வண்டி புதுசு என்பது ஓரளவுக்குச் சரி. ஆனால் பழைய நம்பரைப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அதனால் பிளேட்டை நம்பாமல் கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், வருஷத்தைப் பாருங்கள். பேராக் நம்பர் என்பதால் வண்டி பேராக்கிலேயே ஓடியது என்றும் நினைக்காதீர்கள். ஊர் மாறினாலும் நம்பர் மாறாது.

எழுத்து வடிவத்திலும் ஒரு விஷயம் கவனியுங்கள். நம் சாதாரண எழுத்தில் 3ஐ ஒரு துண்டு வெள்ளை டேப்பால் 8 ஆக்கிவிடலாம். ஜெர்மன்காரர்கள் இதைத் தடுக்கத்தான் எஃப்இ-ஷ்ரிஃப்ட் என்ற எழுத்தை உருவாக்கினார்கள். அதில் ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் கோணல்மாணலாக, ஒன்றைத் திருத்தி இன்னொன்று ஆக்க முடியாதபடி இருக்கும். 2024 செப்டம்பரில் மின்சாரக் கார்களுக்கு ஜேபிஜேயே 98 வெள்ளிக்குக் கொடுக்க ஆரம்பித்த பிளேட்டில் அந்த எழுத்துதான், உள்ளே ரேடியோ அலையில் படிக்கக்கூடிய ஆர்எஃப்ஐடி சில்லும் உண்டு. பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேலைக்கு ஆகும். பெட்ரோல் வண்டிக்கு அந்த எழுத்தைக் கடையில் காப்பியடிக்கச் சொன்னால் அதுவும் ஃபேன்சி பிளேட்தான்.

மாட்டும் விஷயத்தில் தோட்டத்துச் சாலைக்கென்று தனிக் கவனம் வேண்டும். இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பினால் வெயிலில் பசை இளகி, செம்பனைக் காட்டு மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி எங்கே விழுந்தது என்றே தெரியாது. துருப்பிடிக்காத ஸ்க்ரூ இரண்டு போட்டு, பின்னால் ரப்பர் வாஷர் வையுங்கள், மோட்டாருக்கு இது ரொம்ப அவசியம், அதிர்வில் ஓட்டையைச் சுற்றிப் பலகை விரிந்துவிடும். ஸ்க்ரூவை எழுத்தின் மேல் இறக்க விடாதீர்கள். மழைக்காலத்தில் செம்மண் அப்பிக்கொண்டால் தோட்டத்தை விட்டுத் தார் ரோட்டுக்கு ஏறும் முன் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள், "சேறு சார்" என்றால் கேட்கவா போகிறார்கள். பின்பக்க பிளேட்டுக்கு மேல் இருக்கிற சின்ன வெள்ளை பல்ப் எரிகிறதா என்றும் பாருங்கள், பலருக்கு அங்கே பல்ப் இருப்பதே தெரியாது.

அப்புறம் கழற்றிய பழைய பிளேட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் நம்பரை இன்னொரு வண்டியில் மாட்டி யாராவது ஓட்டினால் சம்மன் உங்கள் பெயருக்குத்தான் வரும். இரண்டாக உடைத்து வெவ்வேறு குப்பைத்தொட்டியில் போடுங்கள்.