‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ரிஃப்: அந்த டோனை வீட்டில் கொண்டுவருவது எப்படி?

கிட்டார் வாங்கியதும் பலர் முதலில் தடவிப் பார்க்கும் ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு) இது. நோட்டெல்லாம் சரியாக விழும், ஆனால் ரெக்கார்டில் கேட்கிற கனம் மட்டும் வராது. உடனே ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) கெயினை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழை, முழுக்கத் திருகுவார்கள். கோளாறு பெரும்பாலும் வலது கையில்தான்.

டீப் பர்ப்பிள் என்ற ராக் இசைக்குழு இந்தப் பாட்டை 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோவில் பதிவு செய்தது. அதன் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் கையில் இருந்தது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்.

1. ட்யூனிங்

நான்காவது தந்தி டி, மூன்றாவது தந்தி ஜி. இவை இரண்டே போதும், ஆனால் துல்லியமாக இருக்க வேண்டும். திறந்த டி சுமார் 147 ஹெர்ட்ஸ், ஜி 196. இரண்டும் டிஸ்டார்ஷனுக்குள் (ஆம்ப் ஒலியைக் கரகரப்பாக்குவது) சேர்ந்து போகும்போது, அவற்றின் வித்தியாசமான 49 ஹெர்ட்ஸும் உள்ளே உருவாகும். அதுவும் ஜி தான், இரண்டு ஸ்தாயி கீழே. ரிஃப்பின் கனத்தில் இதற்கும் பங்கு உண்டு. ட்யூனிங் லேசாகப் பிசகினாலும் கரகரவென்று அலையடிக்கும்.

2. பிக்கைக் கீழே வையுங்கள்

பிளாக்மோர் இதை விரலால்தான் மீட்டுகிறார். பிக் (தந்தியை மீட்டும் சின்ன வில்லை) வைத்து அடித்தால் டி முதலில் ஒலிக்கும், ஜி ஒரு நொடித்துகள் பின்னால் வரும். கட்டைவிரல் டியில், ஆள்காட்டி விரல் ஜியில். இரண்டையும் ஒரே நேரத்தில் கிள்ளி இழுங்கள். இடது கையில் ஒரு விரலைப் படுக்கவைத்து இரண்டு தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும். கீழே உள்ள எண்கள் ஃப்ரெட்டைக் குறிக்கும், 0 என்றால் திறந்த தந்தி:

0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0

ஒவ்வொரு பிடிக்கும் நடுவே தந்தியை லேசாகத் தொட்டு ஒலியை நிறுத்துங்கள். அந்தச் சின்ன மௌனம் இல்லையென்றால் எல்லாம் குழம்பிவிடும்.

3. ஆம்ப்

பிரிட்ஜ் பக்கத்து பிக்-அப் (தந்தியின் ஒலியைப் பிடிக்கும் பகுதி). கெயின் 5, பாஸ் 4, மிட் (நடுத்தர ஒலி) 7, ட்ரெபிள் 6 என்று தொடங்கி, அப்புறம் காதுக்கு ஏற்ப மாற்றுங்கள். மிட்டைக் குறைக்க மட்டும் கை போக வேண்டாம். போன் ஆப்பில் வாசிப்பவர்கள் மார்ஷல் ஆம்ப் வகை மாடலைத் தேர்ந்தெடுங்கள். மெதுவாகக் கிள்ளினால் கிட்டத்தட்ட சுத்தமாகவும், அழுத்திக் கிள்ளினால் கரகரப்பாகவும் ஒலித்தால் கெயின் சரி.

4. ஆர்கன்

இவ்வளவும் செய்தபிறகும் ஏதோ குறைகிறதா? ரெக்கார்டை மறுபடி கேளுங்கள். கிட்டார் தனியாகத் தொடங்கும். அப்புறம் டிரம்ஸின் ஹை-ஹாட்டும் ஆர்கனும் நுழையும். குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்பில் செருகி, அதே ரிஃப்பை வாசிக்கிறார். கேட்பவர்கள் அதையும் கிட்டார் என்றே நினைத்துக்கொள்வார்கள். எத்தனை பெடல் வாங்கினாலும் ஒற்றைக் கிட்டாரில் இது கிடைக்காது.

உங்களிடம் கீபோர்டு இருந்தால் ஆர்கன் ஒலியில் அதே நோட்டுகளை வாசித்து, கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்து, தனி டிராக்காகப் பதிவு செய்யுங்கள். கிட்டாரோடு சேர்த்துக் கேட்கும்போது ஆர்கன் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் அதன் ஒலியளவைக் குறையுங்கள்.