செட்டிநாட்டுக் கண்மாயும் செயற்கைக்கோள் படமும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் படம் ஒன்று உண்டு. இடப்பக்கம் நிறைந்து கிடக்கும் கண்மாய், வலப்பக்கம் அதே இடம் வறண்டு பழுப்பாக. கீழே "பத்தே வருடத்தில் காணாமல் போன கண்மாய்" என்று ஒரு வரி. பகிர்கிறவர் நல்ல எண்ணத்தோடுதான் பகிர்கிறார். ஆனால் முதல் படம் ஜனவரியில் எடுத்தது, இரண்டாவது மே மாதத்தில் எடுத்தது என்றால், நடுவில் கோடை வந்திருக்கிறது என்பதைத் தவிர அந்த ஜோடி வேறெதையும் சொல்லவில்லை.

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில்தான் கண்மாய்கள் நிறையும். தை, மாசியில் நெல் அறுப்பு முடிந்தால், பங்குனிக்குப் பிறகு வயல், பொட்டல், வற்றிய கண்மாய் எல்லாமே மேலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒரே நிறம். ஒரு வருடத்துக்குள் வந்து போகும் இந்த மாற்றம், இருபது வருடத்தில் உண்மையாகவே நடந்த மாற்றத்தைவிடப் படத்தில் பெரிதாகத் தெரியும். அதனால் முதல் விதி, ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிடுவது.

மாதம் பொருந்தினால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2015-இல் தமிழகத்தில் பருவமழை கொட்டித் தீர்த்தது. அடுத்த வருடமே இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2016 பிப்ரவரியையும் 2017 பிப்ரவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே வருடத்தில் மாவட்டம் முழுக்க நீர்நிலைகளை யாரோ விழுங்கிவிட்டது போல இருக்கும். இரண்டே இரண்டு படங்களை வைத்துக் கதை சொல்லும் பழக்கத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1980-களின் பிற்பகுதியிலிருந்து எடுத்த படங்கள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் கண்மாயில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் நின்றது என்று வரிசையாக எழுதி, பக்கத்திலேயே அந்த வருட மழையளவையும் எழுதிப் பாருங்கள். மழை குறைந்த வருடத்தில் நீர் குறைவது இயல்பு. நல்ல மழை பெய்தும் நிறையாத வருடங்கள் தொடர்ந்து வந்தால்தான் விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது: வரத்துக்கால் தூர்ந்ததா, மேல் கண்மாயின் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) தாண்டித் தண்ணீர் வரவே இல்லையா, மடை உடைந்து ஒழுகிப் போனதா.

மழைக்காலத்துப் படமே வேண்டும் என்று நினைப்பவருக்கு மேகம் ஒரு தொல்லை. நவம்பர் படங்களில் மேகத்தின் நிழல் நீர்ப்பரப்பு போலவே கருப்பாக விழும். கணினி அதைத் தண்ணீர் என்று எண்ணிவிடும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-1 எடுக்கும் ரேடார் படங்கள் 2014-க்குப் பிறகு கிடைக்கின்றன. அதற்கு முந்தைய வருடங்களுக்கு ஜனவரிப் படமே பாதுகாப்பானது.

பச்சை எல்லாம் பயிர் ஆகாது

இந்த வட்டாரத்தில் அதிகம் பேரை ஏமாற்றுவது சீமைக்கருவேலம். தாவரப் பசுமையை அளக்கப் பயன்படும் என்டிவிஐ குறியீடு, சிவப்பு ஒளியும் அண்மை அகச்சிவப்பும் எவ்வளவு திரும்பி வருகின்றன என்பதை வைத்துக் கணக்கிடுவது. அதற்கு நெல்லும் ஒன்றுதான், கருவேலமும் ஒன்றுதான். "பசுமை கூடியிருக்கிறது" என்று மகிழ்ந்து பெரிதாக்கிப் பார்த்தால், கண்மாயின் உள்வாய் (தண்ணீர் நிற்கும் உட்பகுதி) முழுக்க முள் மண்டிக் கிடக்கும்.

இரண்டையும் பிரிக்கக் கோடை கைகொடுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மானாவாரி வயல் காய்ந்திருக்கும், சீமைக்கருவேலம் மட்டும் பச்சை விடாமல் நிற்கும். ஜனவரியிலும் மே மாதத்திலும் பச்சையாக இருப்பது மரம். ஜனவரியில் மட்டும் பச்சை என்றால் பெரும்பாலும் பயிர் அல்லது புல். கிணற்றுப் பாசனம் உள்ள தோட்டங்கள் இதற்கு விலக்கு.

இதே குழப்பம் தலைகீழாகவும் வரும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு பல கண்மாய்களில் ஜேசிபி இறங்கிக் கருவேலத்தை அகற்றியது. படத்தில் அது காடழிப்பாகத் தெரியும். சில கண்மாய்களுக்குள் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக்கருவேல் இருந்து, பிறகு ஏலம் போயிருக்கும். புதுக்கோட்டைப் பக்கத்துத் தைலமரக் காடுகள் சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டப்பட்டு மறுபடி துளிர்ப்பவை. வெட்டிய வருடப் படத்தை மட்டும் பார்த்தவர் "காடு போச்சு" என்பார், துளிர்த்த வருடத்தைப் பார்த்தவர் "காடு வளர்ந்தது" என்பார். அங்கே நிலப்பயன்பாடு மாறவே இல்லை.

மாறியும் தெரியாமல் போவது வீட்டுமனை. வயலை மனையாகப் பிரித்து, கல் ஊன்றி, செம்மண் சாலை போட்டு விற்றாகிவிட்டது. ஆனால் வீடு எழும்ப வருடக்கணக்காகும். ஒரு புள்ளி பத்து மீட்டர் அகல நிலத்தைக் காட்டும் படத்தில் அது தரிசாகவே கிடக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட மங்கிய கோடுகளைத் தெளிவான படத்தில் கண்ணால் தேடிப் பிடிப்பதுதான் வழி.

செம்மண்ணும் கூரை ஓடும்

நகர வளர்ச்சி வரைபடம் போடுகிறவர்கள் கோடைப் படத்தை எடுத்து, கட்டடங்களைக் காட்டும் குறியீட்டை ஓட்டுவார்கள். காரைக்குடி நாலா பக்கமும் வீங்கித் தெரியும். காரணம், காய்ந்த செம்மண்ணும் செம்புறாங்கல் தரையும் அந்தக் குறியீட்டில் கட்டடம் போலவே ஒளிர்வதுதான். கூரை ஓடும் சுட்ட மண்தானே, கணினியைக் குறை சொல்லியும் பயனில்லை. இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு வருடத்துப் படங்கள் எல்லாவற்றிலும் அந்த இடத்தின் உச்சபட்சப் பசுமையைப் பாருங்கள். தரிசு மழைக்குப் பிறகு ஒரு மாதமாவது பச்சையாகும். கூரை எந்த மாதமும் ஆகாது.

எல்லையும் ஏமாற்றும். 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது சுற்றுவட்டார ஊர்கள் சில அதோடு சேர்ந்தன. பழைய எல்லைக்குள் ஒரு வருடமும் புது எல்லைக்குள் இன்னொரு வருடமும் கணக்கெடுத்தால், ஊர் ஒரே நாளில் வளர்ந்திருக்கும். சிவகங்கை மாவட்டமே 1985-இல்தான் பிரிந்தது என்பதால் பழைய புள்ளிவிவரத்தோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். அப்புறம், இந்த வட்டாரத்துத் திருப்பத்தூரைத் தேடி, தேடுபெட்டியில் "திருப்பத்தூர்" என்று தட்டினால் வடக்கே உள்ள திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய் நிற்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை சென்ட் தெரியும்?

லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 22 சென்ட். ஐரோப்பாவின் இன்னொரு செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். ஒரு ஏக்கர் ஊரணியை எடுத்துக்கொள்வோம். லேண்ட்சாட்டில் அது நாலரைக் கட்டம்தான். கரை, படித்துறை, ஓரத்து மரம் எல்லாம் அதே கட்டங்களில் கலந்துவிடும். 1990-இல் ஊரணி எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு சுருங்கியது என்று அதை வைத்துச் சதவீதம் சொல்வது வீண் வேலை. சென்டினலில் நாற்பது கட்டம் கிடைக்கும், ஓரளவு பேசலாம். ஆனால் அது 2015-க்குப் பிறகுதான். பெரிய கண்மாய்க்கு லேண்ட்சாட் தாராளம்.

கருவி மாறினால் நிலமும் மாறியது போலிருக்கும்

லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே இறுதிக்குப் பிறகு கருப்புக் கோடுகள் விழும். அது ஸ்கேனர் பழுது. 2012-ஆம் வருடத்துக்கு வேறு லேண்ட்சாட் படம் ஏறக்குறைய கிடைக்காததால் அங்கே எச்சரிக்கையாக இருங்கள். சென்டினல்-2 படங்களில் ஒளியின் அளவைக் குறிக்கும் எண்களோடு 2022 ஜனவரி 25 முதல் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் கணக்கிட்டால் 2022-க்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பசுமை குறைந்திருக்கும்! கூகுளின் எர்த் என்ஜின் தளத்தில், இந்த வேறுபாட்டைச் சரிசெய்து வைத்திருக்கும் ஹார்மனைஸ்டு தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் நிலப்பரப்பு வரைபடங்கள் 2020-க்கும் 2021-க்கும் வெவ்வேறு முறையில் தயாரானவை. இரண்டையும் கழித்தால் வரும் மாற்றத்தில் முறையின் மாற்றமும் கலந்திருக்கும்.

தனித்தனியாக 85 சதவீதம் சரியான இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், பிழைகள் தனித்தனியாக விழும் பட்சத்தில் இரண்டிலும் சரியாக இருப்பது 72 சதவீதம்தான். 10 சதவீத மாற்றம் கண்டுபிடித்தேன் என்று அறிவிப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். மாறியதாகக் காட்டும் இடங்களில் சிலவற்றையும், மாறாததாகக் காட்டும் இடங்களில் சிலவற்றையும் குலுக்கல் முறையில் எடுத்து நேரில் போய்ப் பாருங்கள். மடை திறந்துவிட்ட பெரியவர் யாராவது ஊரில் இருந்தால், உள்வாயில் எந்த வருடம் என்ன நின்றது என்று அவரே சொல்லிவிடுவார்.

கூகுள் எர்த்தில் ஒரு திரையிலேயே வெவ்வேறு தேதிப் படங்கள் ஒட்டியிருக்கும்; கீழே காட்டும் தேதியை ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வேண்டும். பழைய படங்கள் சில மீட்டர் நகர்ந்தும் இருக்கும். அதன்மேல் சர்வே புலப்படத்தைப் போட்டு, "பக்கத்துக்காரர் எட்டு அடி உள்ளே வந்துவிட்டார்" என்று மனு எழுதாதீர்கள். கண்மாய்க்குள் கட்டடம் எந்த வருடத்துக்கும் எந்த வருடத்துக்கும் இடையில் வந்தது என்பதைப் படத்தால் காட்டலாம். அடிக்கணக்குக்குச் சர்வேயர் சங்கிலியோடு வரவேண்டும்.