7.30க்கு வீடு, 8.15க்கு இறால் தொக்கு

அம்மாப்பேட்டையில் பஸ் இறங்கும்போதே மணி 7.30 ஆகிவிடும். அதற்கப்புறம் மீன் வாங்கி, கழுவி, ஆய்ந்து... நடக்கிற கதையா? சேலத்துக்குக் கடல் கிடையாது, எல்லாமே ஐஸ் பெட்டியில் வருவதுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமையே இறால், நெத்திலி சுத்தம் செய்து வாங்கி, ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். காலையில் கிளம்பும்போது ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினால் ராத்திரிக்குள் இளகிவிடும்.

தொக்குக்கு நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, 2 தக்காளி, மிளகாய்த்தூள், உப்பு. எண்ணெய் பிரியட்டும். இறால் கடைசியில்தான். மூன்று, நான்கு நிமிடம் போதும். வளைந்து நிறம் மாறியதும் அணைத்துவிடுங்கள். வட்டமாகச் சுருண்டால் கதை முடிந்தது. போன மாசம் போன் பேசிக்கொண்டே பத்து நிமிடம் விட்டுவிட்டேன். "அம்மா, செருப்பு வார் மாதிரி இருக்கு" என்றான் பையன்.

நெத்திலிக்கு மொறுமொறுப்பு வேண்டுமா? நம்ம ஊர்க் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு இருக்கிறதே! ஈரத்தைத் துணியால் ஒற்றி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை பிசறி, எண்ணெய் காய்ந்தபிறகுதான் மாவைத் தூவ வேண்டும். முன்கூட்டியே தூவினால் பசையாகி எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

கடல் மீன் சரியில்லாத வாரம் மேட்டூர் அணை ஜிலேபி மீன்தான். அது ஆற்று மீன், ருசி வேறு. குழம்பு வைத்தால் புளி கொஞ்சம் தூக்கலாக விடுங்கள்.