அச்சு சூடாக இருக்கும்போதே டிரை ஐஸ் அடியுங்கள்

ஓசூர் சிப்காட்டில் ரப்பர் அச்சுகளைப் பராமரிப்பது என் வேலை. முன்பெல்லாம் அச்சில் படிந்த கரியை எடுக்க அதைக் கழற்றி, ஆறவைத்து, பித்தளை பிரஷால் தேய்ப்போம். ஒரு ஷிப்டு போய்விடும். நாளடைவில் அச்சின் விளிம்பு மழுங்கி, அதில் வார்க்கும் ரப்பர் வாஷரில் பிசிறு தள்ளும். டிரை ஐஸ் மணிகளைக் கம்ப்ரசர் காற்றோடு துப்பாக்கியால் அடிக்கும் முறை வந்த பிறகு அச்சைக் கழற்றுவதே இல்லை.

டிரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி. உருகாமல் நேரே ஆவியாகிவிடும். அதனால் தண்ணீரும் மிஞ்சாது, மணலும் மிஞ்சாது. உரிந்த கரியைக் கூட்டி அள்ளினால் போதும்.

அச்சை ஆறவிடாதீர்கள். 150 டிகிரிச் சூட்டில் குளிர் மணி படும்போது கரி சட்டென்று சுருங்கி வெடிக்கிறது. அந்த வெடிப்பில் மணி வாயுவாகிப் பல நூறு மடங்கு விரிந்து, கரியைப் பொருக்காகப் பெயர்க்கிறது. ஆறிய அச்சில் இதே வேலைக்கு ஐஸ் கூடுதலாகச் செலவாகும்.

அரிசி போன்ற 3 மில்லிமீட்டர் மணிகளை, வேலை செய்யும் நாள் காலையில் வாங்குங்கள். பழைய ஐஸ் ஈரம் இழுத்துக் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். தெர்மாகோல் பெட்டியின் மூடியை இறுக்கி ஒட்ட வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். கம்ப்ரசர் தொட்டியின் நீரை வடித்துவிட்டு, ஏர் டிரையர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓசூர் மழைக்காலத்தில் இதை மறந்தால் ஹோஸ் அடைத்து, துப்பாக்கி விட்டுவிட்டுத்தான் அடிக்கும்.

நிலைமின்சாரம் தரைக்கு இறங்க எர்த் கிளிப்பை மாட்டிய பிறகே தொடங்குங்கள். முதலில் ஒரு மூலையில் 3 பார் அழுத்தத்தில் அடித்துப் பார்த்து, போதாவிட்டால் 5, 6 வரை ஏற்றுங்கள். முனையை அரைச் சாண் தள்ளிப் பிடித்து, சற்றே சாய்த்து, நகர்த்திக்கொண்டே இருங்கள்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஒருமுறை எங்கள் உதவியாளர் ஒருவர் பிரஸ்ஸுக்கு (அச்சை அழுத்தும் இயந்திரம்) அடியிலுள்ள எண்ணெய்க் குழியில் இறங்கினார். தலை சுற்றுகிறது என்று அவர் குரல் கொடுத்த நொடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. கைதூக்கி ஏற்றிவிட்டோம், பிழைத்தார். அன்று முதல் கதவைத் திறந்துவைத்து, தரையோரம் விசிறி ஓடவிட்டு, முழங்கால் உயரத்தில் வாயு மீட்டர் மாட்டுகிறோம். 5,000 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 5,000 பங்கு) தாண்டினால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சத்தமும் 100 டெசிபலைத் தாண்டும், காதுக் கவசம் இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள். கண்ணாடியும் குளிர் தாங்கும் கையுறையும் கட்டாயம்.

துரு பிடித்த இரும்புக்கு இது சரிவராது, அதற்கு மணல் அடிப்பதுதான் வழி. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் தண்ணீர் படக்கூடாத மோட்டார்களில் ஒட்டிய பிசுக்குக்குப் பயன்படும். ஆனால் குளிர்ந்த உலோகம் வியர்க்கும் என்பதால், உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மிஞ்சிய ஐஸைச் சாக்கடையிலோ தொட்டியிலோ கொட்டாதீர்கள். திறந்த வெளியில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பரப்பிவிட்டால் தானே போய்விடும்.