மேல கிடக்குற நெல்ல கடிச்சு பாக்காதீங்க: நமக்கு நாமே விடுற ரீல பிடிக்கிறது எப்படி

தை மாசம், சம்பா அறுப்பு முடிஞ்சு கொள்முதல் நிலையத்து வாசல்ல நெல்ல கொட்டி வச்சு நாலாவது நாள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருந்தாதான் எடுப்பாங்க, மழ பெஞ்ச வருஷத்துல தளர்வு குடுப்பாங்க, ஆனா அப்ப இன்னும் ஆர்டர் வரல. நான் தினம் சாயங்காலம் போயி குவியல்ல நாலு நெல்ல எடுத்து கடவாப்பல்லுல வச்சு கடிப்பேன், கடக்குன்னு உடையும், உடனே வீட்டுக்கு போன போட்டு "காஞ்சிருச்சு, நாளைக்கு எடை போட்டுரலாம்"னு சொல்லிருவேன். மறுநாள் மீட்டர் வச்சா 19.4. பக்கத்து குவியல்காரரு, பாபநாசம் பக்கத்து பெரியவரு, வெத்தலைய மென்னுகிட்டே சொன்னாரு: "தம்பி, நீ மேல கிடக்குறத கடிக்கிற. வெயில் பட்டது காயாம என்ன பண்ணும்? முழங்கை வரைக்கும் உள்ள விட்டு எடு." விட்டேன். உள்ள வெதுவெதுன்னு இருந்துச்சு, நெல்லு கையில ஒட்டிகிட்டு வந்துச்சு.

இது எனக்கு தெரியாதா? இருவது வருஷமா நெல்லு காய வைக்கிறவன். நல்லா தெரியும், தெரிஞ்சேதான் கை மேலயே போயிட்டு இருந்துச்சு. வாயால ஒரு பொய்யும் சொல்லல, கடிச்ச நெல்லு உண்மையிலேயே காஞ்ச நெல்லுதான், எங்க இருந்து எடுக்குறதுங்கறதுல மட்டும் ஏமாத்திருக்கேன், அதுவும் என்னையே. நமக்கு நாமே சொல்ற பொய்யி பாதிக்கு மேல இந்த மாதிரிதான் வரும்னு எனக்கு தோணுது. அதனால முதல் வேலை, எந்த விஷயத்துல நல்ல பதில்தான் வரணும்னு மனசு அடிச்சுக்குதோ, அந்த விஷயத்துல சாம்பிள் எடுக்குற வேலைய நீங்க வச்சுக்காதீங்க.

எங்க அம்மாவ பாருங்க. ரத்தத்துல சக்கர டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி இட்லிய ரெண்டாக்கிருவாங்க, டிகிரி காபில சக்கரைய நிறுத்திருவாங்க, காலைல வெறும் வயித்துல குத்தி பாத்தா 118, "பாத்தியா, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு ஒரு சிரிப்பு. கேட்டா டெஸ்டுக்காக எதுவும் பண்ணலன்னு சத்தியம் பண்ணுவாங்க, பொய் சத்தியம் இல்ல, அப்படித்தான் நம்புறாங்க. 1984-ல குவாட்ரோன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு பேரு செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு அப்படியே எங்க அம்மா கததான். ஐஸ் தண்ணிக்குள்ள கைய வைக்க சொன்னாங்க, அப்புறம் ஒரு கூட்டத்துகிட்ட, நல்ல இதயம் உள்ளவங்க அதிக நேரம் தாங்குவாங்கன்னு சொன்னாங்க, இன்னொரு கூட்டத்துகிட்ட அதுக்கு நேர் எதிரா. மறுபடி கைய விட்டா முதல் கூட்டம் அதிக நேரம் வச்சிருந்துச்சு, ரெண்டாவது கூட்டம் சீக்கிரம் எடுத்துருச்சு. வேணும்னு பண்ணீங்களான்னு கேட்டதுக்கு பெரும்பாலானவங்க இல்லன்னுட்டாங்க. டாக்டருங்க இத என்னைக்கோ கண்டுபிடிச்சுட்டாங்க போல, அதான் ஹெச்பிஏ1சின்னு மூணு மாச சராசரி சக்கரைய எழுதி குடுக்குறாங்க. அது குவியலுக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விடுற டெஸ்ட்டு. ரெண்டு நாள் பத்தியம் அங்க எடுபடாது.

காசு விஷயத்துக்கு மூணு மாச பாஸ்புக்க பாருங்க, சம்பளம் வந்த அன்னைக்கு பேலன்ஸ பாக்காதீங்க. குடிக்கு, டாஸ்மாக் போகாத நாள எண்ணாதீங்க, போன நாள எண்ணுங்க. அவ்வளவுதான், இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

ரெண்டாவது, வாய்விட்டு சொல்ற சின்ன பொய்ய கவனிங்க. பெருசு இல்ல, சின்னது. நாலு வருஷத்துக்கு முன்னாடி மன்னார்குடில ஒரு கல்யாணம், பந்தில பக்கத்துல உக்காந்த மச்சான் "ஏக்கருக்கு எவ்வளவு மூட்ட கண்டுச்சு"ன்னு கேட்டாரு. கண்டது 28. "36"ன்னு வாயில வந்துருச்சு. அப்படி சொன்னதுல எனக்கு கால் காசு லாபம் கிடையாது. தாம்பூலம் வாங்கி வெளில வர்றதுக்குள்ள இன்னும் மூணு பேருகிட்ட அதே 36. சித்திரைல இன்னும் மூணு மா நிலத்த குத்தகைக்கு பேசுறப்ப நான் மனசுல போட்ட கணக்கு என்ன தெரியுமா, 36!

1959-ல ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் ஒரு பரிசோதன பண்ணாங்க. ஒரு மணி நேரம் கட்டைய திருப்பி வைக்கிற மாதிரி செம போர் வேலைய குடுத்து, அடுத்து வர்ற ஆளுகிட்ட "ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னு பொய் சொல்ல சொன்னாங்க, சிலருக்கு கூலி 20 டாலர், சிலருக்கு 1 டாலர். அப்புறம் நிஜமா எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, 1 டாலர் வாங்குனவங்கதான் நல்லா இருந்துச்சுன்னு கூடுதலா சொன்னாங்க. 20 டாலர் வாங்குனவனுக்கு காசுக்காக சொன்னேன்னு ஒரு சாக்கு இருக்கு, 1 டாலர்காரனுக்கு அது இல்ல, அதனால மனசு பொய்ய எடுத்து உண்மை பக்கம் வச்சு நேர் பண்ணிக்குது. என் 36-க்கு அந்த 1 டாலர் கூட வரல, அதான் அவ்வளவு சுளுவா நம்பிட்டேன்.

இப்ப என்ன பண்றேன்னா, இப்படி வாய் நழுவுனா வீட்டுக்கு வந்து டைரில உண்மை நம்பர எழுதிருவேன், "மச்சான்கிட்ட சொன்னது 36, கண்டது 28". அவருக்கு போன் பண்ணி திருத்தணும்னு இல்ல, அந்த அளவுக்கு நான் அரிச்சந்திரன் கிடையாது.

அதே டைரில ஒரு வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, எந்த தேதில முடியும், எவ்வளவு ஆகும்னும் எழுதிருங்க. முடிஞ்சப்புறம் மனசு "நான் அப்பவே நினைச்சேன்"னு பழைய நம்பர மாத்திரும், பேனாவுல எழுதுனத மாத்த முடியாது. 1994-ல வந்த ஒரு ஆய்வுல காலேஜ் பசங்க ஆய்வேட்ட சராசரியா 34 நாள்ல முடிச்சுருவோம்னு சொன்னாங்க, ஆனது 55 நாளுக்கு மேல. நான் மாட்டுக்கொட்டாய்க்கு தகரம் போட 10 நாள்னு எழுதுனேன், 41 நாள். அடுத்த வேலைக்கு என் மனசு சொல்ற நம்பர எழுதல, போன வேலை எடுத்த நாளத்தான் எழுதுறேன், மேஸ்திரி சிரிக்கிறாரு, சிரிக்கட்டும்.

சில வார்த்தை வந்தா காத தீட்டிக்கணும். "ஒரு தடவதானே", "ஊருல எல்லாரும் பண்றதுதான்", "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, இனிமே விட முடியுமா". தண்ணில அழுகுன பயிருக்கு இன்னொரு மூட்ட யூரியா வாங்க வச்சது கடைசி வாக்கியம்தான். இதையே உங்க மச்சான் உங்ககிட்ட வந்து சொன்னா என்ன பதில் சொல்வீங்கன்னு யோசிச்சு பாருங்க, திட்டு வாயில ரெடியா நிக்கும்.

இதெல்லாம் கத்துகிட்டு மத்தவங்க பொய்ய பிடிக்க கிளம்பிராதீங்க, வேஸ்ட். முழிய பாத்தே சொல்லிருவேன்னு சில பேரு சொல்வாங்க, ஆனா 2006-ல நிறைய ஆய்வுகள ஒண்ணா கூட்டி பாத்ததுல, பொய்யா நிஜமான்னு ஆளுங்க சரியா சொன்னது 54 சதவீதம்தான், காச சுண்டி விடுறதுக்கு பக்கம். பக்கத்து வீட்டு அத்த "சாப்ட்டியாப்பா"ன்னா பசியோட "ஆச்சுத்த"ங்கறோமே, அந்த பொய்ய எல்லாம் நோண்ட வேண்டாம், அதுல யாரும் குத்தகை எடுக்க போறதில்ல.

போன தை மாசம் அதே வாசல், அதே பெரியவரு. இந்த தடவ நானே கேட்டேன், "ஐயா, என் குவியல்ல நீங்க எடுங்க, உங்களுதுல நான் எடுக்குறேன்." அவரு கொஞ்சம் யோசிச்சாரு, வெத்தலைய துப்பிட்டு சரின்னாரு. ரெண்டு பேரும் முழங்கை வரைக்கும் விட்டோம். ரெண்டுமே ஈரம். நாளைக்கு கிளறி காயவைக்கலாம்னு பனிக்கு தார்ப்பாய இழுத்து மூடிட்டு டீ குடிக்க போனோம்.